ஐந்து ஆம்பியர்
புர்ஜ் ஹம்மூத் பேட்டையின் மதிய வெயில் தெருவின் ஒயர்ப் பின்னலுக்குள் புகுந்து வாச்சேயின் கணினித் திரையில் விழுகிறது. சின்ன வயதில் முனைக் கடையில் ஆடிய வீடியோ கேமை ஓட வைக்கும் மென்பொருளை, மூல நிரலில் தானே நான்கு வரி சேர்த்து, அதை இயங்கும் வடிவுக்கு மாற்ற கம்பைல் செய்துகொண்டிருக்கிறான். திரையில் எழுத்துகள் மேலேறி ஓடுகின்றன. தெரு ஜெனரேட்டர் இந்த வீட்டுக்குத் தருவது ஐந்தே ஆம்பியர்; அதைத் தாண்டினால் கரண்டு போய்விடும். தங்கை சோனா கசங்கிய சட்டைகளோடு வந்து நிற்கிறாள். “அயர்ன் பாக்ஸ் போடட்டாண்ணா?” “போட்டே, கொன்னுடுவேன். மூணு மணி நேரமா ஓடுது.” அந்தக் கடையில் இவர்களின் அண்ணன் ஹ்ராக்குக்குத்தான் எப்போதும் முதலிடம். கரண்டு போனால் இயந்திரம் அவன் பெயரை மறந்துவிடும்; மறுநாள் சிரித்துக்கொண்டே மறுபடி காசு போடுவான். அவன் கப்பலேறி ஏழு வருடமாகிறது, ஒரு தகவலும் இல்லை. வாச்சே சேர்த்த நான்கு வரியும் அந்த மறதியை நிறுத்தத்தான். கம்பைல் முடிகிறது. நாலைந்து ஆட்டம் தோற்று, கடைசியில் முதலிடம் பிடித்து, தன் பெயரை விட்டுவிட்டு, அண்ணன் எப்போதும் அடிக்கும் ஹெச், ஆர், ஜி என்று அடிக்கிறான். “இப்போ போடு.” “கரண்டு போயிடும்ணா.” “போகட்டும்.” அயர்ன் பாக்ஸ் சூடேறுவதற்குள் டப்பென்று எல்லாம் அணைகிறது. கீழே ஓடி சுவிட்சைத் தூக்கிவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாண்டி ஏறி வருகிறான். கணினி நிதானமாக விழிக்கிறது. மூன்றெழுத்தும் அதே இடத்தில் மினுங்குகின்றன. “போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பு, சோனா!” அவள் போனைத் தூக்கிப் படம் எடுக்கிறாள். கட்டைவிரல் திரைமேல் நின்றுவிடுகிறது. “எந்த நம்பருக்குண்ணா?”