மாமனார் பிடித்த வீடு

“பாத்ரூமுக்கு உள்தாப்பா எதுக்கு? அதக் கழட்டிப் போடு” என்றார் அர்த்தனாரி.

யுவராஜ் தாழ்ப்பாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். மலையில், சோளக்காடு ஊருக்கு மேலே, மிளகுத் தோட்டத்துக்கு நடுவில், டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விட அவன் கட்டிய வீடு அது. இதுவரை வந்தவர்கள் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை என்றுதான் சண்டை பிடித்திருக்கிறார்கள். கழற்றச் சொன்னவர் இவர் ஒருவர்தான்.

இவர் அருவி பார்க்க வந்தவரும் இல்லை. அடிவாரத்தில் தோப்பும் வயலுமாக வாழ்கிறவர், அவன் மனைவி வித்யாஸ்ரீயைப் பெற்றவர். மலைக்காரனைக் கட்டிக்கொண்டாள் என்பதற்காக, “எனக்குப் பொண்ணே இல்ல. அவன் ஊட்டுப் பச்சத்தண்ணி என் தொண்டைல எறங்காது” என்று ஊர் நடுவே கத்திவிட்டுப் போன மனுஷன். அப்படிப்பட்டவர் இரண்டு வருஷம் கழித்து, அத்தனை வளைவும் ஏறி வந்து, மூணு மாசத்துக்கு ஊடு வேணும் என்று நிற்கிறார். நம்புவதற்கு யுவராஜ் என்ன கேனயனா?

முற்றத்துக்கு அந்தப் பக்கம்தான் அவனுடைய சொந்த வீடு. காரைப் பார்த்ததுமே வித்யாஸ்ரீயை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லியிருந்தான். அவளைத் தூக்கிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார், வேறென்ன? இப்போது இருக்கிற நிலைமையில் அவளால் ஓடவும் முடியாது.

கார் இன்னும் இன்ஜினை நிறுத்தவில்லை. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஆள் அசைவது மட்டும் தெரிந்தது. எத்தனை பேர் என்று தெரியவில்லை.

“ஊடு காலி இல்லீங்க” என்றான் யுவராஜ்.

“செல்லுல காலின்னுதான போட்டிருக்கு? பொய் பேசறதுன்னா மொதல்ல அதையும் சேத்துப் பேசச் சொல்லு.”

மற்ற விருந்தாளிகளிடம் மூச்சு விடாமல் மறைக்கிற விஷயங்களை எல்லாம் யுவராஜ் இப்போது அவிழ்த்துவிட்டான். “மழை விட்டா அட்டை ஏறுமுங்க. கரண்டு போனா எப்ப வரும்னே தெரியாதுங்க. கொரங்கு வேற. சோத்துச் சட்டியவே தூக்கிட்டுப் போயிருமுங்க.”

“சட்டியத்தான தூக்கும்? நீ தூக்குனதுக்கு அது எவ்வளவோ தேவல.”

யுவராஜ் பல்லைக் கடித்துக்கொண்டான். வயசுக்கு மரியாதை கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று அவனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அர்த்தனாரி அதைச் சட்டை செய்யவில்லை. தரையைக் காலால் தேய்த்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். சமையலறையில் அடுப்பைத் திருகிப் பார்த்தார். வருகிறவர்கள் எல்லாம் முதலில் ஓடிப் போய்ப் போட்டோ எடுக்கிற பள்ளத்தாக்குப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

“ராத்திரில காரு இந்த வாசப்படி வரைக்கும் வருமா?”

“வருமுங்க. எதுக்குக் கேக்கறீங்க?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு. ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?”

“யாருக்குங்க ஆஸ்பத்திரி?”

“தேவப்படறவங்களுக்கு.”

யுவராஜின் கை தானாகக் கதவோரம் சாத்தியிருந்த கொடுவாள் பக்கம் போனது. மரக்கிளை கழிக்க வைத்திருந்த கொடுவாள்தான். ஆனாலும் அது கைக்கு வந்ததும் கொஞ்சம் தைரியமும் வந்தது.

அர்த்தனாரி அதைப் பார்த்தார். பார்த்தும் குரல் இறங்கவில்லை. “ஏப்பா, வாடக குடுத்துட்டா இந்த ஊடு யாருது?”

“இருக்கற வரைக்கும் இருக்கறவங்க ஊடுதானுங்க.”

“என்னக் கேக்காம நீ இதுக்குள்ள கால் வெப்பியா?”

“எங்க வழக்கத்துல அப்படி வெக்க மாட்டோமுங்க. ஆனா உங்களுக்கு உடறதாவே இல்லீங்க. கெளம்புங்க.”

“என் ஊடுன்னு உன் வாயாலயே சொல்லிட்டீல்ல? அது போதும்.”

விறுவிறுவென்று போய்க் கார்க் கண்ணாடியை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார். யுவராஜ் ஒரே ஓட்டமாக முற்றத்தைத் தாண்டித் தன் வீட்டு வாசலை மறித்து நின்றான். கொடுவாளைக் குறுக்கே பிடித்தான்.

“அவ மேல கை வெச்சீங்கன்னா, மாமான்னு பாக்க மாட்டேனுங்க!”

“எவன்டா உனக்கு மாமன்?”

கார்க் கதவு திறந்தது. ஒரு பெரிய துணி மூட்டை இறங்கியது. அப்புறம் ஒரு பித்தளை அண்டா. அதற்குப் பின்னால், மலையேறி வாந்தியெடுத்து வாடிப்போன முகத்தோடு வித்யாஸ்ரீயின் அம்மா.

வேறு யாரும் இறங்கவில்லை. டிரைவர் ஸ்டியரிங்கில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

அந்த அம்மா கொடுவாளையும் பார்க்கவில்லை, மருமகனையும் பார்க்கவில்லை. அண்டாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்து வாடகை வீட்டுக்குள் போனாள்.

அர்த்தனாரி இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருந்தார். “பங்காளிங்க அவள எங்க ஊருக்குள்ள உட மாட்டாங்க. உன் ஊட்டுப் படிய நான் மிதிக்க மாட்டேன்” என்றார். சொல்லும்போதே கண், மகள் இருந்த வீட்டின் சாத்திய கதவுக்குப் போனது. அதற்கும் சேர்த்து யுவராஜ் மேலேயே எரிந்து விழுந்தார்.

“வாளக் கீழ போட்டுட்டு அவளக் கூட்டியாடா! தலப்பிரசவம் அம்மா ஊட்டுலதான் பாக்கோணும்.”