ஹோல்கரின் ஈட்டி அலமாரி

"இதுக்கு முன்னாடி மரம் பார்க்க வந்த மூணு பேரை வாசலோட திருப்பி அனுப்பிட்டாம்மா என் பொண்டாட்டி. நீ எப்படி உள்ளே வந்தே?" என்றார் ஹோல்கர்.

"உங்க நர்ஸ்தான் கதவைத் திறந்தாங்க," என்றாள் ஹென்னி.

ஹோல்கர் படுத்திருந்த கட்டிலை வரவேற்பறையிலேயே போட்டிருந்தார்கள். டாக்டர் சொன்ன கெடு ஒரு வாரம், மிஞ்சிப்போனால் இரண்டு. கட்டிலுக்கு எதிரே நீளமாய், தாழ்வாய் ஓர் அலமாரி.

பழைய மேஜை நாற்காலிகளைப் பார்த்து என்ன மரம், என்ன பூச்சு என்று ஏலக் கம்பெனிக்குச் சொல்வது ஹென்னியின் வேலை. டென்மார்க்கில் அந்த வேலைக்குப் பஞ்சமே கிடையாது. எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அதனாலேயே பல வீடுகளில் அவளுக்குக் காபிகூடக் கிடைத்ததில்லை.

"இந்த அலமாரி அசல் பிரேசில் ஈட்டி மரம். அறுபத்திரெண்டுல வாங்கினேன். கப்பல் பட்டறையில ஒரு குளிர்காலம் முழுக்க ரெட்டை ஷிப்ட் பார்த்தேன். இவளுக்குன்னு நான் வாங்கிக் குடுத்த உருப்படியான பொருள் இது ஒண்ணுதாம்மா. அசல்தான்னு உன் வாயால கேட்டுட்டா நிம்மதியாக் கண்ணை மூடுவேன்."

அவர் மனைவி குட்ரூன் அலமாரிக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

"காபி ஆறுது. முதல்ல குடிங்க."

"வேலையை முடிச்சுட்டுக் குடிக்கிறேன்."

"நல்ல மரம்தான். இதுல பார்க்கறதுக்கு என்ன இருக்கு?"

சாகக் கிடக்கிறவரின் கடைசி ஆசைக்கு இப்படியா முட்டுக்கட்டை போடுவாள் ஒருத்தி? ஹென்னி அவளைச் சுற்றிக்கொண்டு போய்க் குனிந்தாள்.

மேல்பலகையில் நகத்தை ஓட்டினாள். ஈட்டி என்றால் மரத்தின் நுண்துளைகள் நகத்தில் தட்டும். இது வழுக்கிக்கொண்டு போனது. கிட்டத்தில் பார்த்தபோது சாயத்துக்கு அடியில் குருணை அரிசி போலப் பொடிப்பொடிக் கோடுகள். சாதாரண பீச் மரம்.

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஓரத்தில் துடைத்தாள். பஞ்சு பழுப்பாகிவிட்டது. அறுபது வருஷச் சாயம் இப்படிக் கையோடு வராது. இது பூசி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது.

"என்னம்மா, சத்தத்தையே காணோம்?"

"ஒரு நிமிஷம் ஐயா. கை கழுவிட்டு வந்துடறேன்."

பஞ்சைக் கைக்குள் மூடிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குட்ரூன் பின்னாலேயே வந்தாள்.

"இது பீச். மேலே இருக்கறது புதுச் சாயம். யாரை ஏமாத்தப் பார்க்கறீங்க? வாங்க வர்றவங்களையா?"

குட்ரூன் கதவைச் சாத்தினாள்.

"அவரை."

ஹென்னி கைக்குள் இருந்த பஞ்சைப் பார்த்தாள்.

"கடைக்காரன் ஏமாத்திட்டான். ரெண்டாவது வருஷமே வெயில் பட்ட இடம் வெளுத்துப்போச்சு. நான்தான் முதல்ல பார்த்தேன். அவரு வீட்டுக்கு வர்றவங்களை எல்லாம் தடவிப் பார்க்கச் சொல்லிப் பெருமைப்படுவாரு. அந்த மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றது? ஈஸ்டருக்கு, குளிர்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த எங்க தோட்டத்தைத் திறக்க ஊருக்கு வெளியே போயிடுவாரு. அந்த ரெண்டு நாள்ல சாயம் பூசிக் காய வெச்சுடுவேன். வருஷா வருஷம்."

"இந்த வருஷம்?"

"ஆஸ்பத்திரியில இருந்தாரு. பூசிட்டு, விரல்ல கறை தெரியாம தேச்சுக் கழுவிட்டு, அவரைப் பார்க்கப் போனேன்."

ஹென்னி பஞ்சைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வரவேற்பறைக்குத் திரும்பினாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஈட்டிதான் ஐயா. அசல் பிரேசில் ஈட்டி."

வேலைக்கு வந்த இருபத்தாறு வருஷத்தில் அவள் சொன்ன முதல் பொய் அது. இரண்டாவது உடனே வந்தது.

"ஆனா விலை சொல்றதுக்கில்ல. சான்றிதழ் இல்லாம அந்த மரத்தை விற்கச் சட்டம் விடாது. வீட்டிலேயே இருக்கட்டும்."

"விற்க வேணாம்மா. இந்த ஒரு வார்த்தை போதும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியின் பக்கம் திரும்பினார் ஹோல்கர்.

"கேட்டியா? இனிமேலாவது அதைக் கொஞ்சம் கவனி. இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது நீ அதுக்கு ஒரு சொட்டு எண்ணெய் தடவி நான் பார்த்ததில்ல."

"தப்புதான்," என்றாள் குட்ரூன்.