சுருக்கி வைத்த விண்டோ

அலுவலகத்தில் சாப்பாட்டு வேளையில் குணாளன் சகாயமேரியின் கணினியில்தான் உட்காருவான். பார்வையில்லாதவளின் திரை அவனுக்கு வசதி. இன்றும் ஆல்ட் விசையில் மீன்குழம்புப் பிசுக்கு. சாப்பிட்டுவிட்டு வந்த சகாயமேரி அந்த விசையை அழுத்தியபடியே டேப் விசையைத் தட்டினாள். திறந்திருக்கும் விண்டோக்களின் பெயர்களை திரையைப் படித்துச் சொல்லும் குரல் ஹெட்போனில் ஒவ்வொன்றாக வாசித்தது. சம்பளப் பட்டியல். மின்னஞ்சல். படம், ‘மேரி குனியும்போது’. சுருக்கி வைத்தால் மறைந்துவிடும் என்று நினைத்திருக்கிறான். அவளுக்குச் சுருக்கியதும் விரித்ததும் ஒன்றுதான். விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அந்தப் படத்தைத் திரை முழுக்க விரித்தாள். முதுகுக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களின் பேச்சு அடங்கியது. குணாளனின் சிரிப்பு கடைசியாக நின்றது.

“குணா, இங்க வா. இதுல என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லு. நிதானமாவே சொல்லு,” என்றாள்.