மழைக்கு ஒதுங்கிய வயலின்

ஸ்காட்லாந்து மலைப்பாதையில் ஒரு விடுதி இருந்தது. அதன் சுவரில், ஆட்டப் பாட்டு வாசிக்கும் வயலின் ஒன்று தொங்கியது. ஒருநாள் மழைக்கு ஒதுங்கிய ஓபரா என்னும் இசை நாடகக் குழுவினர், தங்கள் வயலினையும் அதன் பக்கத்தில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

வந்த வயலின் பொழுது போகாமல் ஒரு மெட்டை முனகியது. உடனே மூலையிலிருந்த பேக்பைப் என்ற பை ஊதுகுழல், "திருட்டுக் கழுதை! அது எங்க ஊர் ஆட்டப் பாட்டு!" என்று கத்தியது.

"இல்லைங்க, எங்க நாடகத்துல சாகக் கிடக்கிற பிள்ளைக்குத் தாய் பாடுறது," என்ற வந்த வயலின், விடுதி வயலினைப் பார்த்தது. "தம்பி, நீங்களே சொல்லுங்க."

விடுதி வயலினுக்கு உண்மை தெரியும். எடின்பரோ நகரில் ஒரு நாடகக் கொட்டகைக்கு வெளியே எசமானரோடு நின்று கேட்டு வந்த மெட்டு அது. ஆனால் இத்தனை காலமும் சொந்தச் சரக்கு என்றே பீற்றிக்கொண்டிருந்தது.

"எங்களோடதுதான்," என்றது.

"அப்படியா? மன்னிச்சுக்குங்க. இனி எங்கே வாசிச்சாலும் உங்க பேரைச் சொல்லிடறேன்," என்றது வந்த வயலின், கொஞ்சமும் சந்தேகப்படாமல்.

விடுதி வயலின் கூனிக் குறுகிப் போனது. உண்மையைச் சொல்ல அது வாயெடுப்பதற்குள் மழை விட்டுவிட்டது. குழுவினர் விருந்தாளி வயலினைப் பெட்டியில் வைத்துப் பூட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் விடுதியில் ஒரு கல்யாணம். எல்லோரும் அந்தப் பாட்டையே கேட்டு வாங்கித் தரை அதிர ஆடினார்கள்.

"நம்ம பாட்டு மாதிரி வருமா!" என்றது பேக்பைப்.

"அண்ணே, இது நம்ம பாட்டு இல்லை," என்றது வயலின்.

ஆட்டச் சத்தத்தில் பேக்பைப்புக்கு அது கேட்கவில்லை. "என்ன சொன்னே?" என்றது.

"ஒண்ணுமில்லைண்ணே," என்றது வயலின்.