எட்டு மணி ஸ்கேன்

டைம் ஆபீஸ் கம்ப்யூட்டர் தினமும் காலை எட்டு மணிக்குச் சொல்லிவைத்தாற்போல் படுத்துவிடும். ஏழு ஐம்பத்தெட்டுக்குத் திணற ஆரம்பித்தால், எட்டே காலுக்குத்தான் எழுந்திருக்கும். அதுவரை கேட்டில் யார் அட்டையைக் காட்டினாலும் மெஷின் கண்டுகொள்ளாது.

டைம் கீப்பர் பாக்கியநாதன் அதற்காக அலட்டிக்கொண்டதே இல்லை. நோட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு, வருகிறவர்கள் பெயரைக் கையால் எழுதிக்கொண்டிருப்பார். கம்ப்யூட்டர் வேலை செய்யாவிட்டால் நோட்டில் எழுதலாம் என்று எச்.ஆர். மேனேஜர் கிரேஸ் மேடத்தின் உத்தரவு இருந்தது. அப்புறம் மனுஷனுக்கு என்ன கவலை?

தேர்வாய் கண்டிகையில் கார்களுக்கு ஒயர் கட்டித் தருகிற அந்தக் கம்பெனியில் இளமதி கம்ப்யூட்டர் இன்ஜினீயராகச் சேர்ந்து பத்து நாள் ஆகியிருந்தது. மணவாள நகர்ப் பெண். சுறுசுறுப்பு அதிகம், வாயும் கொஞ்சம் அதிகம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. எப்படியாவது நல்ல பேர் வாங்கிவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குத் தோதாக, கிரேஸ் மேடம் தினமும் எட்டு மணிக்கு கேட்டுக்கே வந்து சத்தம் போடுவார். இந்த டப்பா கம்ப்யூட்டரைச் சரி பண்ண இந்தக் கம்பெனியில் ஒரு ஆள்கூடவா இல்லை என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்பார். எட்டைத் தாண்டினால் லேட், மாதத்தில் மூன்று லேட் ஆனால் வேலை கிடையாது என்ற விதியை வாசித்துக் காட்டியவரும் அவர்தான். மேடம் வருகிறார் என்றால் ஒயர் கட்டுகிற லைனில் பேச்சு மூச்சு இருக்காது.

சனிக்கிழமை இளமதி அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஐந்தே நிமிஷத்தில் பிடித்துவிட்டாள். ஆன்டிவைரஸின் முழு ஸ்கேனை யாரோ புண்ணியவான் தினமும் காலையில் ஓடும்படி வைத்திருக்கிறார். கம்ப்யூட்டரோ பழசு, மெமரியும் கம்மி. ஸ்கேன் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து வைரஸ் தேடிக்கொண்டிருக்கும்போது வேறு வேலை பார்க்க அதற்கு ஏது தெம்பு? ஸ்கேனை மத்தியானம் ஒரு மணிக்கு, சாப்பாட்டு வேளைக்கு மாற்றினாள்.

பாக்கியநாதனிடம் பெருமையாகச் சொன்னாள். அவர் முகம் மலரவில்லை.

"ஒரு வார்த்த கேட்டுட்டு செஞ்சிருக்கலாமேம்மா."

இளமதிக்குச் சுருக்கென்றது. நோட்டை வைத்துக்கொண்டு ஒப்பேற்றிய காலம் போயிற்றே என்ற வயிற்றெரிச்சல், சரியான சோம்பேறி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை கம்ப்யூட்டர் குதிரை மாதிரி ஓடியது. மேடம் வந்தார், பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். பாராட்டாவிட்டால் போகிறது, திட்டவில்லையே என்று இளமதி தேற்றிக்கொண்டாள்.

எட்டு ஆறுக்கு ஷேர் ஆட்டோவிலிருந்து குதித்து ஓடி வந்தாள் லைனில் வேலை பார்க்கும் செல்வி. பொன்னேரியில் ரயில் ஏறி கும்மிடிப்பூண்டியில் இறங்கி வருகிறவள். வழியில் ரயில் சிக்னலில் நின்றுவிட்டதாம். அட்டையைக் காட்டினாள். மெஷின் துளி தாமதமில்லாமல் 'லேட்' என்று சிவப்பு எழுத்தில் காட்டியது.

குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு நாள் எட்டே காலையும் தாண்டிப் பிந்தியிருந்தாள். செல்வி சண்டை போடவில்லை. சாப்பாட்டுப் பையை மாரோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"இத்தோட மூணாச்சுண்ணா. ஊட்ல நான் ஒருத்திதான் வேலைக்கு வரேன்."

இளமதிக்குப் பாவமாகிவிட்டது. ஆறு நிமிஷம்தானே அண்ணா, நோட்டில் எட்டு என்று எழுதினால் என்ன என்று பாக்கியநாதனிடம் கேட்டாள்.

"கம்ப்யூட்டர் நல்லா கீறப்போ நோட்ட தொறக்க எனக்கு ஏதும்மா அதிகாரம்? வாரத்துல மூணு நாளு ரயிலு லேட்டு. இது படுத்துக்கினு கெடந்த வரைக்கும் இதுங்க பொழச்சிக்கினு இருந்துச்சுங்க."

இளமதிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இவரையா சோம்பேறி என்று திட்டினோம்? உடனே உட்கார்ந்து ஸ்கேனைப் பழைய நேரத்துக்கே மாற்றினாள். ஆனால் செல்வியின் மூன்றாவது லேட் பதிவானது பதிவானதுதானே?

ஒரு தாளை எடுத்தாள். சனிக்கிழமை தான் கைவைத்ததில் ஏதோ தவறாகிவிட்டது, இன்று காலை மெஷின் காட்டிய நேரத்தை நம்ப முடியாது, முழுத் தவறும் தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அண்டப்புளுகு. அதை எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனாள். செல்வியின் வேலையைக் காப்பாற்றப் போய்த் தன் வேலை போய்விடுமோ என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனாள்.

மேடம் தாளை இரண்டு முறை படித்தார். நிமிர்ந்து அவளையே பார்த்தார். பிறகு, இன்றைக்கு மெஷின் கணக்கு வேண்டாம், எல்லோர் நேரத்தையும் பாக்கியநாதன் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும் என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இன்னொரு தடவை கேட்காமல் கொள்ளாமல் அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டால் நேராக வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று ஒரு வாங்கு வாங்கினார்.

"ஸ்கேன பழைய டைமுக்கே வெச்சிட்டேன் மேடம். காலையில கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கும்."

"பழைய டைம் வேணாம்."

இளமதிக்குப் பாதி உயிர் போய்விட்டது. மேடம் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"அந்த ரயிலு நாளையிலேருந்து அஞ்சு நிமிஷம் தள்ளி வருதாம். ஸ்கேன் எட்டு இருபது வரைக்கும் ஓடற மாதிரி வை."