ஏழாவது கேள்வி

ஒரே ஒரு ஊரிலே ஒரு ராஜா. ராஜாவுக்கு ஒரு காலேஜ். அந்தக் காலேஜிலே இண்டர்மீடியட் சயன்ஸ் படித்த பையன்கள் பதினாலு பேர். ராஜா கதை நமக்கு வேண்டாம், பையன்கள் கதைதான் இது. ஊர் புதுக்கோட்டை. வருஷம் நாற்பத்தாறு.

ஜப்பானில் இரண்டு ஊர்களை இரண்டே குண்டில் சாம்பலாக்கிய செய்தி வந்து ஆறு மாசம்கூட ஆகவில்லை.

"அதைச் செஞ்சவனும் நம்மளாட்டம் சயன்ஸ் படிச்சவன்தானடா" என்றான் ஆத்மநாதன். சயன்ஸ் சங்கத்துக்கு அவன்தான் காரியதரிசி.

அன்றைக்கே பதினாலு பேரும் சங்கத்து நோட்டில் கையெழுத்துப் போட்டார்கள். 'மனுஷரைக் கொல்லும் கணக்கை எங்கள் கை போடாது.'

செலக்‌ஷன் பரீட்சை நெருங்கியது. இதில் தேறினால்தான் பெரிய பரீட்சைக்கே அனுப்புவார்கள். பௌதிகப் பேப்பரில் ஏழாவதாக வருஷம் தவறாமல் ஒரு குண்டுக் கணக்கு வரும். பறக்கிற விமானம், குறி தப்பாமல் இருக்க, எவ்வளவு தூரம் முன்னாலேயே குண்டை விடவேண்டும்? பத்து மார்க்.

ஆத்மநாதன் பௌதிக வாத்தியார் பழனிச்சாமியிடம் போய் நின்றான்.

"அந்தக் கேள்வியை எடுத்துருங்க சார். இல்லாட்டி நாங்க யாரும் எழுத மாட்டோம்."

"கல்லு விழுந்தாலும் குண்டு விழுந்தாலும் கணக்கு ஒண்ணுதானேப்பா."

"அப்பக் கல்லுன்னே போடுங்க சார்."

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. "வெத்துத்தாளுக்கு முட்டைதான் போடுவேன். பத்து மார்க் போனா உங்கள்ல பாதிப் பேர் தேற மாட்டீங்க. யோசிச்சுக்குங்க."

யோசித்தார்கள். எழுதுவதில்லை என்றே முடிவு.

பரீட்சையன்று ஏழாவது கேள்வி வந்ததும் ஆத்மநாதன் பேனாவை மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். பக்கத்து பெஞ்சில் பேனா ஓடுகிற சத்தம். திரும்பினான். அப்துல் மஜீது தாளின் உச்சியில் ஒரு விமானம் போட்டு, அங்கிருந்து தரைக்கு வளைகோடு இழுத்துக்கொண்டிருந்தான்.

மணியடித்ததும் வாசலில் மடக்கினார்கள்.

"ஏழாவது எழுதுனியா?"

"எழுதுனேன்."

மரியசெல்வம் அவன் சட்டையைப் பிடித்தான். "நான் தேறலைன்னா எங்கய்யா ஏர்ல பூட்டிருவாருடா. தெரிஞ்சுதான் ஏழாவதை எழுதாம விட்டுட்டு வந்திருக்கேன். ஒருத்தன் எழுதிட்டா மத்த பதிமூணு பேரும் தெரியாம விட்டதா ஆயிடாதா?"

"விடு மாப்ளே. தொரை நாளைக்கு ஏரோப்ளேன் ஓட்டப் போறாரு. மேல போறப்ப நம்ம தலையில போடாம இருந்தாச் சரி" என்றான் இன்னொருத்தன். எல்லாரும் சிரித்தார்கள். ஆத்மநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"கையெழுத்துப் போட்ட கைதானே அது? பத்து மார்க்குக்கு வித்துட்டியே. கீழே நிக்கிறவனை ஒரு நிமிஷம் நெனச்சுப் பாத்தியாடா?"

மஜீது அவனை நிமிர்ந்து பார்த்தான். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, அறந்தாங்கி பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

நோட்டைப் பிரித்து, தாள் கிழிகிற அழுத்தத்தில் அவன் பேரை அடித்தான் ஆத்மநாதன்.

மூன்றாம் நாள் வாத்தியார் கூப்பிட்டனுப்பினார்.

"ஏழாவது கேள்வியை எடுத்துட்டேன். மத்த கேள்விக்குத்தான் மார்க்கு. அடுத்த வருஷமும் அது வராது."

ஆத்மநாதனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "எங்க கட்டுப்பாடு ஜெயிச்சுருச்சு சார்."

"பதிமூணு பேருக்கும் ஏழாவதுக்கு முட்டை போட்டு முடிச்சுட்டேன் தம்பி. கடைசியா இந்தத் தாள் வந்துச்சு. படிச்சுட்டு மேசையில வச்சுட்டுப் போ."

குடையை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

மஜீதின் தாள். இங்கிலீஷில் கணக்கைப் பிசகில்லாமல் போட்டிருந்தான். குண்டு விழ இருபது விநாடி. தூரம் ஏழாயிரத்து நாற்பது அடி. அதற்கடியில் தமிழில் நாலு வரி.

'ஐயா, விமானம் ஒரு மைலுக்கு அப்பால் வரும்போதே குண்டு கிளம்பிவிடுகிறது. ரங்கூனில் எங்கள் அத்தா, விமானம் இன்னும் தலைக்கு நேரே வரவில்லையே என்று கடைவாசலில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்று, குண்டு விழுந்து மௌத்தானார்கள். இந்தக் கணக்கை மேலே இருந்தவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கீழே நின்றவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.'

வெளியே பன்னிரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"என்னடா, ஜெயிச்சாச்சா?"

ஆத்மநாதன் அவர்களைத் தாண்டி, தலையைத் தூக்காமல் நடந்தான்.