கோழிக்குப் போர்த்திய பொன்னாடை

வாத்துகளின் நீச்சல் கல்லூரியில் அந்த வருஷம் ஒரு கோழிக்கு இடம் கிடைத்துவிட்டது. பெயர் செவலை. அவள் வம்சத்தில் குளத்தங்கரைக்குத் தண்ணீர் குடிக்கப் போனவர்கள் உண்டு. குளத்தில் இறங்கியவர்கள் கிடையாது.

முதல் நாளே ‘கைதூக்கி விடும் குழு’ வந்து நின்றது. தலைவர் வாத்து செவலைக்குப் பொன்னாடை போர்த்தி, “உன் குலத்துக்கே நீதாம்மா விளக்கு” என்றார். போட்டோ எடுத்தார்கள். பொன்னாடையோடு அப்படியே தண்ணீரில் இறக்கிவிட்டார்கள்.

இறகெல்லாம் ஊறி, கழுத்துவரை முங்கி, உயிர் பிழைத்தால் போதுமென்று செவலை கரையேறினாள்.

“ஐயா, உங்க இறகு மட்டும் எப்படி நனையாம இருக்கு?”

“அதெல்லாம் தானா வரணும்மா. எங்களுக்கு மட்டும் யாரு சொல்லிக் கொடுத்தா?” என்றார் தலைவர். சொல்லிக்கொண்டே வாலடியில் சுரக்கும் எண்ணெயை அலகால் தொட்டுத் தொட்டு இறகில் பூசிக்கொண்டார். குஞ்சிலிருந்தே வீட்டில் பார்த்துப் பழகிய வேலை.

ஐயாவுக்கு முதுகு அரிக்கிறது போல என்று செவலை நினைத்துக்கொண்டாள். தன் வாலடியிலும் அந்த எண்ணெய் உண்டென்று அவளுக்குத் தெரியாது.

மறுநாள் தன்னம்பிக்கை பற்றி நீளமாகப் பேசிவிட்டு மறுபடியும் இறக்கினார்கள். மறுபடியும் முங்கினாள்.

“கோழிங்களுக்கு ஆர்வமே பத்தல” என்று குழு சலித்துக்கொண்டது.

செவலை வீட்டுக்குக் கிளம்பினாள். பாதி வழியில், “நில்லும்மா!” என்று தலைவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். இப்போதாவது சொல்லத்தான் வருகிறார் என்று அவள் ஆசையாக நின்றாள்.

“அந்தப் பொன்னாடையக் கழட்டிக் கொடுத்துட்டுப் போ. அடுத்த வருஷம் வர்ற கோழிக்குப் போர்த்தணும்.”